மருமகனுக்கு நான் சிபாரிசு செய்த தொடர்கள்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. மதியம் இரண்டு மணி. வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது. கனடாவில், மல்வேர்னில் எங்கள் வீட்டு வரிசை முழுக்க வெள்ளையாகி, எது யாருடைய வாசல் என்றே தெரியவில்லை. சமையலறை மேசையில் மனைவியின் போன் அடித்தது. மனைவி சறோ யோகா வகுப்புக்குப் போயிருந்தாள். போனை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

திரையில் 'கெவின்' என்று பெயர் விழுந்தது.

கெவின் என் மருமகன். அமெரிக்கன். என் மகள் தர்சினியோடு பஃபலோவில் இருக்கிறான். எங்கள் வீட்டில் இருந்து இரண்டு மணித்தியால ஓட்டம், நடுவில் ஒரு எல்லைப் பாலம். அவர்களுக்குக் கலியாணமாகி ஒன்பது வருடம். அந்த ஒன்பது வருடத்தில் நான் அவனோடு ஒரு வார்த்தை கதைத்ததில்லை.

எடுப்பதா, விடுவதா? ஐந்தாவது முறை மணி அடித்தபோது எடுத்துவிட்டேன். ஏன் எடுத்தேன்? தெரியாது. பனி கொட்டும் மதியங்களில் மனிதனுக்கு ஏதோ ஆகிவிடுகிறது. பாதி கனவில் இருப்பது போல. கனவில் யார் கூப்பிட்டாலும் 'ஓம்' என்றுதானே சொல்வோம்…

"மாமி?" என்றான்.

"மாமி இல்லை. நான்… மாமா."

அந்தச் சொல்லை எனக்கு நானே முதன்முறையாகச் சூட்டிக்கொண்டது அப்போதுதான்.

"ஓ… ஹலோ, சேர்" என்றான்.

(அவன் கதைத்தது எல்லாம் ஆங்கிலத்தில். நான் தமிழில் தருகிறேன். 'மாமி'யும் பிற்பாடு வந்த 'மாமா'வும் மட்டும் அவனுடைய சொந்தத் தமிழ். மகள் பழக்கியது.)

விஷயம் இதுதான். அவன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். வீட்டு வாசலில் பனி தள்ளும்போது வழுக்கி விழுந்து கால் முறிந்துவிட்டது. முழங்கால்வரை கட்டு. ஆறு கிழமை, ஒன்றரை மாதம், வீட்டில் இருக்கவேண்டும். மாமி அனுப்பிய ரசப்பொடி முடிந்துபோய்விட்டது என்று சொல்லத்தான் எடுத்தானாம்.

"சொல்கிறேன்" என்றேன்.

வைத்திருக்கலாம். இருவருக்கும் அதுதான் வசதி. ஆனால் அவன் வைக்கவில்லை.

"சேர், ஒன்று கேட்கலாமா? பகல் முழுக்க டீவிதான் பார்க்கிறேன். எங்கள் ஊர்த் தொடர்கள் எல்லாம் முடிந்துவிட்டன. நீங்கள் லண்டனில் இருந்தவர், பிரிட்டிஷ் தொடர்கள் எல்லாம் உங்களுக்குத் தண்ணீர்பட்ட பாடு என்று தர்சினி சொல்லுவாள். நான் எதைப் பார்க்கலாம்?"

நான் கதிரையை இழுத்து உட்கார்ந்தேன்.

தர்சினி சொல்லுவாளா? அந்த வீட்டில் என் பெயர் எடுபடுகிறதா? அங்கே என்னைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை என்றுதான் ஒன்பது வருடமாக நினைத்திருந்தேன். அப்படி நினைப்பதில் எனக்கு ஒரு வசதியும் இருந்தது.

நான் எழுதும் இந்தப் பத்திரிகைப் பக்கத்தை வாராவாரம் வாசிக்கிறவர்களுக்கு என் பைத்தியம் தெரியும். பிரித்தானியத் தொடர் என்றால் விடமாட்டேன். அவற்றின் வசனக் கூர்மையைப் பற்றியும் அளவோடு பேசும் அழகைப் பற்றியும் இங்கேயே எத்தனை முறை எழுதியிருக்கிறேன்! கேட்டதும் வாய் திறந்துகொண்டது. முதலில் ஒரு பொலிஸ் தொடரைச் சொன்னேன். மழை விடாத ஒரு வடக்கத்தி ஊர். மாடியில் புறா வளர்க்கும் ஒரு இன்ஸ்பெக்டர். ஆறே எபிசோட்.

தொடர்களின் பெயர்களை இங்கே எழுதமாட்டேன். காரணம் போகப்போகத் தெரியும்.

இரண்டு நாள் கழித்து, நான் கொடுத்திருந்த நம்பரில், என்னுடைய போனுக்கே எடுத்தான்.

"சேர், பார்த்து முடித்துவிட்டேன். ஆறு எபிசோட்தானா? மிச்சத்தை எடுக்க ஆட்கள் இல்லையா?"

"அவ்வளவுதான். அங்கே கதை முடிந்தால் நிறுத்திவிடுவார்கள்."

"ஒருவரும் துவக்கை எடுத்துச் சுடவே இல்லை. கொலைகாரனைப் பிடிக்கப் போகிற இடத்தில் தேத்தண்ணி குடிக்கிறார்கள். அவனும் சேர்ந்து குடிக்கிறான்!"

"அதுதான் நாகரிகம்."

"அவர்கள் பேசுவது பாதி விளங்கவில்லை. அது ஆங்கிலம்தானா? கீழே எழுத்துப் போட்டுத்தான் பார்த்தேன்."

நான் சிரித்தேன். அவனும் சிரித்தான். நாற்பது வயது மனிதனை ஒன்பது வருடமாக 'அந்தப் பெடியன்' என்று மட்டும் வீட்டில் சொல்லிவந்தவன் நான். அவனுடைய சிரிப்பு இப்படி அடித்தொண்டையில் இருந்து வரும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

பிறகு ஒவ்வொரு நாளும் இரண்டு மணிக்குப் போன் வரும். நான் கீழே பேஸ்மென்ற்றுக்கு இறங்கிவிடுவேன். சின்ன யன்னல் வழியாகப் பனியின் வெளிச்சம் உள்ளே வந்து சுவரெல்லாம் நீலமாக இருக்கும். கால் உடைந்த அமெரிக்கன் ஒருவனோடு, பார்த்து நாற்பது வருடமான தொடர்களைப் பற்றி நான் கதைத்துக்கொண்டிருப்பேன். மணி மூன்று ஆவதே தெரியாது.

ஒரு நாள் மேலே வரும்போது சறோ படி வாசலில் நின்றாள்.

"கீழ ஆரோட கதைக்கிறியள்?"

"ஒருத்தரோடயும் இல்லை. இன்ஷூரன்ஸ்காரன்."

"இன்ஷூரன்ஸ்காரன் ஒவ்வொரு நாளும் புறா வளர்க்கிற பொலிசைப் பற்றியோ கேக்கிறான்?"

நான் அவளைத் தாண்டிப் போகப் பார்த்தேன்.

"முதல் நாளே கெவின் எனக்குச் சொல்லிப்போட்டார்" என்றாள். "நீங்கள் ஒளிச்சுக் கதைக்கிறது உங்களுக்குச் சந்தோசமா இருக்கு எண்டு நான்தான் பேசாமல் விட்டனான். கதையுங்கோ, கதையுங்கோ. ஆனா ஹீற்றரைப் போட்டுட்டுக் கதையுங்கோ."

இரண்டாவதாக நான் சிபாரிசு செய்தது நகைச்சுவைத் தொடர். தொப்பிக் கடை நடத்தும் இரண்டு சகோதரிகள். ஒரே கடைக்குள் இருந்துகொண்டு அக்கா தங்கையோடு கதைக்கமாட்டாள். தங்கை எதிரே வந்தால்கூடப் பார்க்காத மாதிரிப் போய்விடுவாள். வயிறு நோகச் சிரிப்பாய் என்று சொல்லிவைத்தேன்.

மூன்றாம் நாள் அவன் குரல் ஒரு மாதிரி இருந்தது.

"மாமா"—எப்போது 'சேர்' போய் 'மாமா' வந்தது என்று எனக்கே தெரியவில்லை—"இது நகைச்சுவை என்றா சொன்னீர்கள்?"

"ஓம். அந்தத் தங்கச்சிக்காரி செய்கிற சேட்டைகள்…"

"தங்கச்சி செத்துப் போனவள், மாமா. முதல் எபிசோடிலேயே சொல்லிவிடுகிறார்கள். அவள் பேய். அதனால்தான் ஒருவரும் அவளோடு கதைப்பதில்லை."

சமாளித்தேன். "ஓம் ஓம்… அதுதானே அதிலுள்ள நுட்பம்" என்றேன்.

இனி உங்களிடம் ஒரு உண்மையைச் சொல்லவேண்டும். நாற்பது வருடமாக ஒருவருக்கும் சொல்லாதது. மனைவிக்கும் சொல்லாதது.

லண்டனில் ஒரு பிளாட்டில் இருந்தேன், பின்னேரங்களில் சோபாவில் சாய்ந்து டீவி பார்த்தேன் என்றுதான் எல்லோருக்கும் சொல்லிவந்தேன். இந்தப் பக்கத்திலும் அப்படித்தான் எழுதினேன். பிளாட்டும் இல்லை, சோபாவும் இல்லை. ஈஸ்ட்ஹாமில் ஒரு வீட்டின் மேல்மாடி அறை. ஒன்பது பேர் இருந்தோம், ஐந்து மெத்தைகள். இரவு வேலைக்காரர் பகலில் படுப்பார்கள். அவர்கள் எழும்பிய சூட்டிலேயே பகல் வேலைக்காரர் வந்து படுப்பார்கள். நான் காலையில் கல்லூரிக்குப் போவேன். பின்னேரம் ஐந்து மணிக்குக் கார்களுக்குப் பெற்றோல் அடிக்கும் வேலைக்குப் போவேன். இடையில் கிடைக்கும் மதியம் மட்டும் என்னுடையது.

அந்த அறையின் மூலையில் ஒரு டீவி இருந்தது. தெருவில் யாரோ கழித்துவிட்டதைத் தூக்கி வந்தது. மதியங்களில் பழைய தொடர்களைத் திரும்பப் போடுவார்கள். ஆனால் சுற்றிவர நான்கு ஐந்து பேர் அடித்துப் போட்ட மாதிரி நித்திரை. அறையின் சட்டம், எங்களில் மூத்தவரான செல்வம் அண்ணையுடையது. கண்ணைத் திறக்காமலே சொல்லுவார்: "தம்பி, நீ படம் பார். சத்தம் வந்துதோ, பெட்டி யன்னலால போகும். பின்னால நீயும் போவாய்."

ஆக, சத்தத்தைப் பூச்சியத்தில் வைத்துத்தான் பார்த்தேன். காதில் மாட்டும் ஒயர்? அந்தப் பெட்டியில் அதற்கு ஒரு துளைகூட இல்லை. மூன்று வருடம் அப்படித்தான் போனது. ஒரு தொடரின் ஒரு வசனத்தைக்கூட நான் கேட்டதில்லை. கேட்காத தொடர்களின் பெயர்களை எந்த முகத்தோடு இங்கே எழுதுவேன்?

எப்படி விளங்கியது என்று கேட்பீர்கள். வாய்கள் அசையும். அவற்றுக்கு நான் சொற்கள் கொடுப்பேன், எங்களுடைய தமிழிலேயே. அந்த இன்ஸ்பெக்டர் 'உதுக்கென்ன, பாப்பம்' என்பார். தொப்பிக் கடை அக்கா தங்கையிடம், 'உன்னோட கதைச்சா என்ர நாக்கு அழுகும்' என்று மனதுக்குள் சொல்லுவாள். திரைக்குள் மழை பெய்யும். யன்னலிலும் மழை பெய்யும். கறுப்பு வெள்ளைப் பெட்டி, சாம்பல் நிற வானம். சுற்றிலும் நித்திரை கொள்பவர்களின் மூச்சு அலை மாதிரி ஏறி இறங்கும். எந்த மழையில் நான் இருக்கிறேன் என்று சில வேளை தெரியாது. என் வாழ்க்கையில் அவ்வளவு அமைதியான மதியங்கள் பிறகு வரவே இல்லை.

கனடா வந்த பிறகு அவற்றைச் சத்தத்தோடு பார்க்க வசதி கிடைத்தது. பார்த்தேனா? இல்லை. முதலில் இரண்டு வேலை, நேரம் இல்லை. பிறகு நேரம் இருந்தது, துணிவு இல்லை. நானே கதை எழுதி, நானே வசனம் பேசிய ஒரு உலகம் அது. அதில் ஒரு வெள்ளைக்காரன் வாய் திறந்து எனக்குத் தெரியாத எதையோ சொல்லிவிட்டால்?

தொப்பிக் கடைத் தங்கை பேய் என்று தெரிந்த அன்றே நான் வாயை மூடியிருக்கவேண்டும். மூடவில்லை. காரணம், மூன்றாவது தொடர் ஒன்றை நான் மனதில் வைத்திருந்தேன். சொல்லப்போனால், முதல் நாளில் இருந்தே அதை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தேன்.

அதற்கு முன்பு என் குற்றத்தைச் சொல்கிறேன். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

என் மகள் மருந்தாளர். நன்றாகப் படித்தவள். அவள் விரும்பியது பஸ் ஓட்டும் ஒரு அமெரிக்கனை. நான் மாட்டேன் என்றேன். அவள் கெஞ்சவில்லை. அழைப்பிதழைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, "அப்பா, வாங்கோ" என்று ஒரே ஒரு தரம் சொன்னாள். நான் பத்திரிகையில் இருந்து தலையைத் தூக்காமல், "வந்து நான் ஆருக்கு முன்னால நிக்கிறது?" என்று கேட்டேன். லண்டனில் பெற்றோல் அடித்தவன் கேட்ட கேள்வி அது.

கலியாணத்துக்குச் சறோ தன் தங்கையோடு போனாள். எனக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்குச் சொன்னோம். அன்று பகல் நான் பக்கத்து ஊரான ஸ்ரௌவ்வில்லில், கலியாண விஷயமே தெரியாத ஒரு நண்பருடைய புது வீட்டுக் கொல்லையில் இருந்து ரோல்ஸ் சாப்பிட்டேன். "பிள்ளை எப்பிடி இருக்கிறா அண்ணை?" என்று நண்பரின் மனைவி கேட்டாள். "நல்லா இருக்கிறா" என்றேன். மகளுக்குத் தாலி ஏறிக்கொண்டிருந்த நேரம் அதுவாகத்தான் இருக்கும்.

அதற்குப் பிறகும் தர்சினி ஒவ்வொரு வருடமும் என் பிறந்தநாளுக்குக் கார்ட் போட்டாள். உள்ளே இரண்டு வரி தமிழில் எழுதியிருப்பாள். எழுத்துக்கள் ஒன்றோடொன்று இடிபட்டு நிற்கும். வாசிப்பேன். மேசை லாச்சிக்குள் வைத்து மூடுவேன். ஒன்றுக்கும் பதில் போட்டதில்லை.

சறோ மூன்று மாதத்துக்கு ஒரு முறை பஃபலோ போய்வருவாள். மிளகாய்த்தூள், அரிசிமா, பலகாரம் என்று நான்கு பெட்டிகள் போகும். எல்லாவற்றையும் நான்தான் காரில் ஏற்றிவிடுவேன். நான் மட்டும் ஏறமாட்டேன். "பாஸ்போட் முடிஞ்சுபோச்சு" என்பேன். பொய். முடிந்த உடனேயே புதுப்பித்து வைத்திருந்தேன்.

எங்கள் ஆட்கள் மன்னிப்புக் கேட்பதை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. ஒரு பெட்டி மாம்பழம் அனுப்புவோம். மூன்றாம் ஆளை விட்டு 'சாப்பிட்டாவோ' என்று விசாரிப்போம். கோயிலில் கண்டால் பக்கத்தில் போய் நின்று வானிலை பற்றிக் கதைப்போம். மற்றவர் விளங்கிக்கொள்ளவேண்டும். விளங்காவிட்டால் அது அவருடைய பிழை!

நான் மாம்பழத்துக்குப் பதிலாக ஒரு டீவி தொடரை அனுப்பினேன்.

ஒரு கால்வாய். படகுகள் ஏறி இறங்குவதற்கு மதகுக் கதவுகளைத் திறந்து மூடும் வேலையில் ஒரு கிழவர். அவருக்கு ஒரு மகள். அவள் கோபித்துக்கொண்டு பட்டணத்துக்குப் போய்விடுகிறாள். கடைசி எபிசோடில் கிழவர் கோட் போட்டுக்கொண்டு ரயில் ஏறி மகள் வீட்டுக்குப் போகிறார். சமையலறையில் மேசைக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் அவள். கிழவர் குனிந்த தலையோடு நீண்ட நேரம் பேசுகிறார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாள். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழும்புகிறார். பிறகு ரயில்… யன்னலுக்கு வெளியே வயல்கள் ஓடுகின்றன. கிழவர் மெல்லச் சிரிக்கிறார்.

அதைப் பார்த்த மதியம் எனக்கு இருபத்தாறு வயது. மகளும் இல்லை, மனைவியும் இல்லை. ஆனாலும் அழுதேன். 'நான் பிழை விட்டிட்டன் பிள்ளை' என்று அந்தக் கிழவர் வாயில் நான்தான் வசனம் வைத்தேன். எவ்வளவு அழகான மன்னிப்பு!

கெவினிடம் சொன்னேன். "இது ஒரு தகப்பன் மகளிடம் மன்னிப்புக் கேட்கிற கதை. இதை நீ தனியே பார்க்காதே. தர்சினியையும் பக்கத்தில் வைத்துப் பார்."

"விளங்குகிறது, மாமா" என்றான் மெதுவாக. எனக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கிவிட்டது. வேலை முடிந்தது. ஆறு எபிசோட், ஆறு நாள். ஏழாம் நாள் மகளிடமிருந்து போன் வரும். நான் 'ம்' என்பேன். அவளும் 'ம்' என்பாள். இவ்வளவுதானே வேண்டும்?

ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. போன் வந்தது. மறுமுனையில் கெவின்.

"சேர்" என்றான்.

'மாமா' போய்ப் பழையபடி 'சேர்' வந்துவிட்டது.

"எதற்காக இதைப் பார்க்கச் சொன்னீர்கள்?"

"ஏன்? கடைசி எபிசோட்…"

"கடைசி எபிசோடில் அந்த மனிதர் என்ன சொல்கிறார் என்று உங்களுக்குத் தெரியும்தானே? 'எனக்குக் கடிதம் எழுதுவதை நிறுத்து. இதைச் சொல்லத்தான் வந்தேன். எனக்கு மகள் இல்லை' என்கிறார். சொல்லிவிட்டு ரயிலில் போய் இருந்து சிரிக்கிறார். பாரம் விட்டதென்று சிரிக்கிறார். தர்சினி பாதியில் எழும்பிப் போய்விட்டாள். இனி உங்களுக்குக் கார்ட் போடமாட்டாளாம். அதைத்தானே சொல்லி அனுப்பினீர்கள் என்று என்னைக் கேட்கிறாள். நான் என்ன சொல்ல?"

பேஸ்மென்ற் சுவரின் நீல வெளிச்சம் அப்படியே இருந்தது. நான் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"கெவின், நான் அதைக் கேட்கவில்லை."

"எதை?"

"ஒன்றையும். ஒரு தொடரையும் நான் கேட்கவில்லை. சத்தம் இல்லாமல்தான் பார்த்தேன்."

சொன்னேன். ஒன்பது பேர், ஐந்து மெத்தைகள், செல்வம் அண்ணை, வாயசைவு, எல்லாவற்றையும் சொன்னேன். 'நான் அனுப்பியது மன்னிப்பு. அங்கே வந்து சேர்ந்தது வேறு' என்று முடித்தேன்.

"மாமா, நீங்கள் கேட்காத மூன்று தொடர்களையா எனக்குச் சிபாரிசு செய்தீர்கள்?"

"ஓம்."

சிரிக்கிறானா பெருமூச்சு விடுகிறானா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது.

"நீ இதை அவளுக்குச் சொல்லிவிடு" என்றேன். "நான் அப்படி நினைக்கவில்லை என்று சொல்லு. நீ சொன்னால் கேட்பாள்."

"இல்லை" என்றான்.

"கெவின்…"

"எனக்குக் கால் உடைந்திருக்கிறது, மாமா. எல்லாருடைய பாரத்தையும் நான் காவ முடியாது."

வைத்துவிட்டான்.

நான் ஒன்பது வருடம் தவிர்த்த மனிதன், என் வாழ்க்கையில் ஒருவரும் சொல்லாததை இரண்டே வரியில் சொல்லிவிட்டான்.

மேலே போய்ச் சறோவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வெண்டிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்ப, அந்த இன்ஸ்பெக்டர் அப்பிடிச் சொன்னவர், இப்பிடிச் சொன்னவர் எண்டு கலியாணம் கட்டின நாளில இருந்து எனக்குச் சொல்லிக்கொண்டு திரிஞ்சதெல்லாம்?"

"நான்தான் சொன்னது."

"அவர் 'பெண்சாதியைப் புரிஞ்சவன் ஊரைப் புரிஞ்சவன்' எண்டு சொன்னது?"

"அதுவும் நான்தான்."

"நல்லாத்தான் இருந்தது" என்றாள். பிறகு ஏப்ரனை அவிழ்த்தாள். "உந்த ஜக்கெற்றைப் போடுங்கோ. வெளிக்கிடுவம்."

"இப்பவோ? நாளைக்குப் போனால்…"

"ஒன்பது வருசமா நாளைக்குத்தான் போறம்."

அன்று பெட்டி ஒன்றும் ஏற்றவில்லை. பெட்டிகளுக்குப் பதிலாக நான் ஏறினேன்.

ஏரிக்கரை வழியாகப் போகும் நெடுஞ்சாலையை வெள்ளைப் பனிப்புகார் மூடியிருந்தது. ஏரி எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. முன்னே போகிற வாகனங்களின் சிவப்பு விளக்குகள் மட்டும் தண்ணீருக்குள் மிதப்பது போல. நான் வாய்க்குள் வசனம் பாடமாக்கிக்கொண்டே ஓட்டினேன். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. இரண்டும் கட்டுரைபோல நீண்டன. "உதடு ஆடுது, சத்தம் வரேல்லை" என்றாள் சறோ.

எல்லைப் பாலத்தில் ஒரு இளம் அதிகாரி. கடவுச்சீட்டுகளை வாங்கினான்.

"எங்கே போகிறீர்கள்?"

"பஃபலோ. மகள் வீட்டுக்கு."

"கடைசியாக எப்போது போனீர்கள்?"

"போனதே இல்லை."

"மகள் எவ்வளவு காலமாக அங்கே இருக்கிறார்?"

"ஒன்பது வருடம்."

அவன் என் படத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"பயணத்தின் நோக்கம்?"

உல்லாசப் பயணம் என்று சொல்லியிருக்கலாம். குடும்ப விஜயம் என்று சொல்லியிருக்கலாம். வழி முழுக்க வசனம் பாடமாக்கி வந்ததில், உண்மை வெளியே விழுந்துவிட்டது.

"மன்னிப்புக் கேட்க."

சறோ என் தொடையில் கிள்ளினாள்.

"எவ்வளவு நேரம் தங்குவீர்கள்?"

"அது மகளைப் பொறுத்தது, சேர்."

அவன் சிரிக்கவில்லை. கடவுச்சீட்டுகளைத் திருப்பித் தந்தான். "குட் லக்" என்றான்.

தர்சினியின் வீடு ஒரு சின்ன மரவீடு. பச்சைக் கதவு. ஒன்பது வருடமாக அது என்ன நிறம் என்று எனக்குத் தெரியாது. மணியை நான்தான் அடித்தேன். கதவைத் திறந்தவள் என் மகள். காதோரத்தில் நரை முடி இரண்டு மூன்று. அவளுக்கு நரைக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

பாடமாக்கிய கட்டுரைகளில் ஒரு வரிகூட ஞாபகத்தில் இல்லை.

"பிள்ளை," என்றேன், "நான் உன்ர கலியாணத்துக்கு வரேல்லை. அது பிழை. எனக்கு உடம்புக்கு ஒரு வருத்தமும் இருக்கேல்லை, சுகமில்லை எண்டது பொய். நீ போட்ட கார்ட் எல்லாம் வாசிச்சனான். பதில் போடாதது திமிர். அந்தப் படத்தில அந்த மனிசன் என்ன சொன்னவன் எண்டு சத்தியமா எனக்குத் தெரியாது. அவன் சொன்னது நான் சொன்னதில்லை. நான் சொல்ல வந்தது… என்னை மன்னிச்சுக்கொள்."

அவள் கதவைப் பிடித்தபடியே நின்றாள். உள்ளே, காலை ஒரு முக்காலியில் நீட்டியபடி கெவின். அவன் எங்களைப் பார்க்கவில்லை. யன்னலுக்கு வெளியே பனியைப் பார்ப்பது போல இருந்தான்.

"ஏன் வரேல்லை, அப்பா?"

"சனம் என்ன சொல்லும் எண்டு."

"சனம் என்ன சொன்னது?"

யோசித்துப் பார்த்தேன்.

"ஒண்டும் சொல்லேல்லை. ரெண்டு கிழமையில எல்லாரும் மறந்திட்டினம்."

"நைன் இயர்ஸ், அப்பா." அவள் குரல் உடைந்தது. "அண்டைக்கு கடைசி நிமிஷம் வரைக்கும் நான் கதவைப் பாத்துக்கொண்டே நிண்டனான், தெரியுமா? எல்லாரும் என்னைப் பாக்கினம், நான் கதவைப் பாக்கிறன். ஐ வோஸ் லுக்கிங் அற் த டோர்!"

இதற்கு நான் என்ன சொல்வது? ஸ்ரௌவ்வில்லில் ரோல்ஸ் சாப்பிட்டேன் என்றா? அதையும் சொன்னேன். சொல்லாமல் விட்டால் மன்னிப்பில் ஒரு துண்டு குறைந்துவிடும் என்று தோன்றியது.

அவள் அழுதாள். பிறகு கோபம் வந்தது. பிறகு இரண்டும் சேர்ந்து வந்தன. சறோ எனக்குப் பின்னால் பனியில் நின்றுகொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் அப்படிப் பேசாமல் நின்றதை நான் என் ஆயுளில் கண்டதில்லை.

"எனக்குக் கோவம் போகேல்லை" என்றாள் மகள்.

"போகவேண்டாம். இருக்கட்டும் பிள்ளை."

"இப்ப போகும்போலயும் இல்லை."

"சரி."

"ஐ ஆம் சொறி எண்டு சொன்னவுடன எல்லாம் ஓக்கே இல்லை."

"இல்லைத்தான்."

கையின் பின்பக்கத்தால் மூக்கைத் துடைத்தாள். கதவை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்தாள்.

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ள வாங்கோ. கோவத்தோடதான் சாப்பாடு போடுவன்."

கோபத்தோடுதான் போட்டாள். கோழிக்கறியில் மிளகாய்த்தூள் இரட்டிப்பு. மூக்கால் கண்ணால் எல்லாம் தண்ணீர் ஓடியது. இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.